வானம் வெளுக்காமல், வயல் கறுக்காமல்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துவிடுவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேகத்தைத் தள்ளிக்கொண்டே வரும். கீழே வயல், வாழைத்தோப்பு, வரப்போரப் பனைகள். முப்பந்தல் பக்கம் திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள். நேரில் நின்று பார்க்கும்போது மேகத்தின் மடிப்பும் தெரிகிறது, வயலின் பச்சையும் தெரிகிறது. படத்தில் மட்டும் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கிறது. வயல் பச்சையாக வந்தால் வானம் வெள்ளைத்தாளாகிவிடும். வானம் வந்தால் வயலும் மலையும் கரியாகிவிடும்.

நண்பர்கள் இந்தப் படங்களைக் காட்டி, "இதுக்கு நல்ல கேமரா வாங்கணுமோ?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் எப்போதும் என் பதில். பத்து வருஷத்துக்கு முந்தைய கேமராவிலும் இதைச் சரிசெய்யலாம். ஆனால் கேமரா எதை இழக்கும், எதைக் காப்பாற்றும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, வானத்துக்கும் நிலத்துக்கும் நடுவே இருக்கும் வெளிச்ச வித்தியாசத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த நீண்ட பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

ஒளி இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் என்று கணக்கு. வெயில் பட்டு மின்னும் மேகத்துக்கும், மேக நிழலில் கிடக்கும் மலையடிவாரத் தோப்புக்கும் ஏழெட்டு ஸ்டாப் வித்தியாசம்கூட வரலாம். ஏழு ஸ்டாப் என்றால் 128 மடங்கு. நம் கண் இதை ஒரே பார்வையில் பார்ப்பதில்லை. மேகத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் தோப்பைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மூளைதான் இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக நமக்குத் தருகிறது. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. ஷட்டர் திறந்து மூடும் அந்த ஒரு நொடித்துளியில் மேகத்துக்கும் தோப்புக்கும் ஒரே அளவுதான்.

அந்த அளவை யார் தீர்மானிக்கிறார்கள்? நாம் தீர்மானிக்காவிட்டால் கேமராவின் மீட்டர் தீர்மானிக்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் காட்சி முழுவதும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்பதுதான். சட்டகத்தில் இருண்ட மலை அதிகம் இருந்தால் படத்தை வெளுக்கவிடும். வானம் அதிகம் இருந்தால் இருட்டாக்கிவிடும். இரண்டும் அதன் கணக்குப்படி சரியான விடைகள்தான்.

சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு பிக்சலையும் ஒரு சின்னக் கலயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளி விழ விழ நிரம்பும். விளிம்பு வரை நிரம்பிவிட்டால் அதற்கு மேல் விழுவதெல்லாம் கணக்கில் வராது. பக்கத்தில் இருக்கும் கலயங்களும் நிரம்பிவிட்டால் மேகத்தின் ஒரு மடிப்புக்கும் இன்னொரு மடிப்புக்கும் வித்தியாசம் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இருட்டுப் பக்கம் அப்படியில்லை. அங்கே கலயத்தின் அடியில் கொஞ்சமாவது ஒளி கிடக்கும். தூக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியலாம், ஆனால் உருவமும் நிறமும் இருக்கும். இன்றைய கேமராக்கள் மிகக் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் பதின்மூன்று, பதினான்கு ஸ்டாப் வரை பிடிக்கின்றன. ஐ.எஸ்.ஓ.வை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் அதில் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் போய்விடும். அதனால் நிலக்காட்சிக்கு ஐ.எஸ்.ஓ. 100. வெளிச்சம் போதவில்லையென்றால் டிரைபாட் வையுங்கள், ஐ.எஸ்.ஓ.வை ஏற்றாதீர்கள்.

பழைய ஸ்டுடியோக்காரர்கள் சிலர் நிழலைப் பார்த்து அளவு வைக்கச் சொல்வார்கள். நெகட்டிவ் ஃபிலிமுக்கு அது சரியான பாடம். நெகட்டிவில் வெளிச்சமான இடங்கள் தாராளமாகத் தாங்கும், நிழல்தான் பதியாமல் போகும். டிஜிட்டலில் தலைகீழ்: வெளிச்சத்தைக் காப்பாற்று, நிழலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கேமராவின் பித்தானைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வானத்துக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் நிலையானது இல்லை. நிமிஷத்துக்கு நிமிஷம், திசைக்குத் திசை மாறுகிறது. சூரியன் இருக்கும் பக்கம் பார்த்து நின்றால் வானம் கண்கூசும், மரங்களின் நிழல்பக்கம் நம்மைப் பார்த்திருக்கும். அதே இடத்தில் திரும்பி நின்றால் வானம் ஆழ்ந்த நீலம், மரங்களின் மேல் முழு வெயில். வித்தியாசம் சில ஸ்டாப் குறைந்துவிடும். செலவில்லாத இந்தத் தீர்வை விட்டுவிட்டு நேராக மென்பொருளுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சாரல் மாதங்களில் இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. மேகம் ஓடிக்கொண்டே இருப்பதால் அதன் நிழலும் வயல்களின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். நிழல் வயலில் இருக்கும்போது எடுத்தால் கீழே இருட்டு, மேலே வெளிச்சம். கொஞ்சம் பொறுத்திருந்தால் மேகத்தில் ஒரு விரிசல் விழும். வெயில் நேராக வயலில் இறங்கும், மலைமேல் இருக்கும் மேகம் கறுத்தபடியே நிற்கும். அப்போது நிலமும் வானமும் ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன. சில சமயம் நிலமே வானத்தைவிட ஒளிர்கிறது. ஃபில்டர் வேண்டாம், கணக்கு வேண்டாம், மீட்டர் சொல்வதே போதும். கறுத்த மேகத்தின் முன்னால் நெற்பயிரின் இளம்பச்சை அப்படி எரிவதை வேறெந்த நேரத்திலும் பார்க்க முடியாது. காற்று பலமாக இருக்கும் நாளில் இந்த வெளிச்சம் ஒரு வயலில் அரை நிமிஷம்கூட நிற்காது. ஆகவே சட்டகத்தை முன்பே முடிவுசெய்துகொண்டு காத்திருக்க வேண்டும்.

மாலை வெயிலை நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பியர்கள் எழுதும் புத்தகங்களில் பொன் வெளிச்சம் ஒரு மணி நேரம், அதற்கும் மேல் என்றெல்லாம் இருக்கும். அவர்கள் ஊரில் கோடைச் சூரியன் சாய்வாக, மெதுவாக இறங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரிதான். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. மணிக்கு 15 டிகிரி என்று பார்த்தால் கடைசி ஆறு டிகிரியைக் கடக்க இருபத்தைந்து நிமிஷம்தான். மேற்கே மலை இருந்தால் அதிலும் பாதி போய்விடும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் திரும்பி வரும்போது வெளிச்சம் இருக்காது.

இனி அளவுக்கு வருவோம். கோப்பு ரா (RAW) வடிவில் இருக்க வேண்டும். ஜேபெக்கில் வானத்தை மீட்க நினைப்பது பெரும்பாலும் வீண். 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் 256. ராவில் மிக வெளிச்சமான அந்த ஒரு ஸ்டாப்புக்குள் மட்டும் 8,192 படிகள், அதாவது சரிபாதி, அடங்கியிருக்கின்றன. அடுத்த ஸ்டாப்பில் 4,096. இப்படியே இறங்கி இறங்கி இருட்டில் சில படிகளே மிஞ்சும். கனடாவைச் சேர்ந்த புகைப்படக்காரர் மைக்கேல் ரைக்மன் 2003இல் எழுதிப் பரப்பிய, ஹிஸ்டோகிராமை வலப்பக்கம் தள்ளி எடுக்கும் முறைக்கு இதுதான் அடிப்படை. அதாவது கலயம் நிரம்பி வெளிச்சம் வெட்டுப்படாத எல்லை வரை படத்தை வெளிச்சமாக எடுத்துவிட்டு, பிறகு மென்பொருளில் இறக்குவது.

கொள்கை நல்லது. பிரகாசமான மேகம் இருக்கும் இடத்தில் அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். நான் செய்வது இது: ஸ்பாட் மீட்டரை மேகத்தின் மிக வெளுத்த இடத்தில் வைத்து, அது காட்டும் அளவுக்கு மேல் ஒன்றரையிலிருந்து இரண்டு ஸ்டாப் கூட்டிக்கொள்வேன். மீட்டர் எதையும் நடுச்சாம்பலாக்கப் பார்ப்பதால், இந்தக் கூட்டல் மேகத்தை மடிப்புள்ள வெள்ளையாக வைக்கும். மேனுவலில் அந்த அளவைப் பூட்டிவிட்டால், மலையைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தாலும் விட்டாலும் வானம் கெடாது.

எடுத்ததும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், கேமராவின் திரையில் தெரியும் படத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். நடு வெயிலில் அந்தத் திரை எப்போதும் இருட்டாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராமிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்படி வையுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், வானத்தின் நிறம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மொத்த ஹிஸ்டோகிராம் நன்றாக இருக்கும்போதே நீலம் மட்டும் வலது சுவரில் முட்டியிருக்கலாம். நீலம் முட்டி நின்றுவிட, பச்சை தொடர்ந்து ஏறினால், வானம் நீலமாக இல்லாமல் ஒரு மாதிரி பச்சை கலந்த வெளிர்நிறமாகிவிடும். அந்தியில் சிவப்புக்கு இதே கதி. ஆரஞ்சாக இருக்க வேண்டிய அடிவானம் சப்பென்ற மஞ்சளாகிவிடும். பிறகு சாச்சுரேஷனைக் கூட்டக் கூட்ட அந்தத் தவறான நிறம்தான் அழுத்தமாகும்.

இன்னொரு நுட்பம்: ராவில் எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் அது தானாகத் தயாரிக்கும் ஜேபெக்கை வைத்துத்தான். பிக்சர் ஸ்டைல் 'லேண்ட்ஸ்கேப்', 'விவிட்' என்று இருந்தால் இல்லாத வெட்டைக் காட்டும். நியூட்ரலில் வைத்துக் கான்ட்ராஸ்டைக் குறைத்துவிட்டால் உண்மைக்கு அருகில் வரும். திரையில் படம் சோகையாகத் தெரியும், பரவாயில்லை.

காற்றாலைகளைச் சேர்த்து எடுக்கிறவர்கள் மேகத்தோடு அவற்றின் இறக்கைகளையும் பார்க்க வேண்டும். வெயில் படும் பக்கத்தில் அந்த வெள்ளை வர்ணம் மேகத்தைவிட முன்னதாக வெட்டுப்படும். அதே சமயம் சூரியனை எல்லாச் சூழலிலும் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை. சூரிய வட்டமும், குளத்து நீரில் மின்னும் பொறிகளும் வெள்ளையாகவே இருக்கலாம், அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஃபில்டர்களில் நான் எப்போதும் பையில் வைத்திருப்பது போலரைசர் மட்டும். ஏனென்றால் அது செய்வதை மென்பொருள் முழுதாகச் செய்யாது. வாழையிலை, நெல், தென்னையோலை எல்லாவற்றின் மேலும் வானத்தின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைப் படலமாகக் கிடக்கிறது. போலரைசரைத் திருப்பினால் அந்தப் படலம் விலகி உள்ளே இருக்கும் பச்சை வெளியே வருகிறது. மழை நின்றதும் இதைச் செய்து பாருங்கள். வானத்தையும் அது கருநீலமாக்கும், ஆனால் சூரியனுக்குத் தொண்ணூறு டிகிரியில் இருக்கும் பட்டையில்தான் அதிகம். மாலையில் பூதப்பாண்டிப் பக்கம் வயலில் நின்று வடக்கே மலையைப் பார்த்தால் சூரியன் இடக்கைப் பக்கம், போலரைசருக்கு ஏற்ற கோணம். வைட் ஆங்கிள் லென்ஸில் மட்டும் கவனம் தேவை. பரந்த வானத்தில் ஒரு பகுதி கறுத்து மற்றது வெளுத்துத் திட்டாகத் தெரியும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் அது குடிக்கும்.

மேல்பாதி இருண்டு கீழ்ப்பாதி தெளிவாக இருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் கடற்கரைக்கு நல்லது. அங்கே அடிவானம் ஒரு நேர்கோடு. மலையும் பனையும் வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்க் காட்சியில் அவற்றின் தலைகளும் சேர்ந்து கறுத்துவிடும். அதனால் எடுப்பதில்லை.

வானத்துக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என இரண்டு படங்கள் எடுத்துச் சேர்க்கலாமே என்பீர்கள். கேமராவின் வயதுக்கு ஏறக்குறையச் சமமான யோசனை அது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே கூர்மையாக எதிர்வினை செய்தன, ஆகவே வானம் சட்டென்று வெளுத்துவிடும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1856, 57 வாக்கில் எடுத்த கடல் படங்கள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு ஒரு நெகட்டிவும் பயன்படுத்தி, அடிவானக் கோட்டில் அவற்றை ஒட்டி அச்சிட்டார். இன்று அதே வேலையை எச்.டி.ஆர். என்ற பெயரில், வெவ்வேறு அளவுகளில் மூன்று படங்களாவது எடுக்கும் பிராக்கெட்டிங் மூலம் முடிக்கிறோம். அசையாத காட்சிக்கு அது அருமையான வழி. ஆரல்வாய்மொழிக் காற்றில் அசையாமல் நிற்பது மலை மட்டும்தான். பனையோலை மூன்று படத்தில் மூன்று இடத்தில் இருக்கும், காற்றாலை இறக்கையைக் கேட்கவே வேண்டாம். அதனால் இங்கே நான் ஒரே ரா படத்தைத்தான் நம்புகிறேன். பாதுகாப்புக்காக பிராக்கெட் எடுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இப்போது கணினி. வானம் காப்பாற்றப்பட்ட ரா கோப்பைத் திறந்தால் நிலம் இருண்டு கிடக்கும். பெரும்பாலானோர் ஷேடோஸை நூறுக்குத் தள்ளி, ஹைலைட்ஸை மைனஸ் நூறுக்கு இறக்குவார்கள். எல்லாம் தெரியும், ஆனால் படத்தில் வெளிச்சம் என்ற ஒன்றே இருக்காது. எது எதைவிடப் பிரகாசம் என்பதைத்தான் நாம் வெளிச்சம் என்று உணர்கிறோம், அந்த வித்தியாசத்தையே துடைத்துவிட்டால் மிஞ்சுவது சாம்பல் பூசிய விவரங்கள். நான் முதலில் மொத்த எக்ஸ்போஷரை நிலத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் ஏற்றுவேன். பிறகு மாஸ்க்கில் வானத்தை மட்டும் தேர்ந்து, அதன் வெளிச்சத்தைத் தேவையான அளவு மட்டும் இறக்குவேன். லைட்ரூமில் வானத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அது பனையோலைகளின் இடுக்குகளை எப்படிக் கையாண்டிருக்கிறது என்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே வெள்ளைக் கோடு தெரிந்தால் மாஸ்க்கின் பலத்தைக் குறைக்க வேண்டும். கடைசியில் கறுப்புப் புள்ளியை நிலைநிறுத்துவேன். தோப்புக்குள்ளே கொஞ்சம் முழுக் கறுப்பு இருந்தால்தான் வெளியே இருக்கும் பச்சைக்கு மதிப்பு.

வானத்தை எவ்வளவு இறக்கலாம்? இதற்கு நடவுக்கு முந்தைய வயலே விடை சொல்லும். கும்பப்பூ நெல் சாகுபடிக்காகத் தொளி உழுது நீர் கட்டிய வயலில் வானம் பிரதிபலிக்கும். நீரில் தெரியும் மேகம், மேலே இருக்கும் அதே மேகத்தைவிடப் பிரகாசமாக இருக்க இயற்கையில் வழியே இல்லை. ஒளியின் ஒரு பகுதியை நீர் உள்ளே வாங்கிக்கொள்கிறது. திருத்திய படத்தில் நீர் வானத்தைவிட வெளுத்திருந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று தோன்றிவிடும். நீர் இல்லாத படத்திலும் இதே உணர்வோடுதான் கையை வைக்க வேண்டும். வெளிச்சம் வருவது வானத்திலிருந்து, ஆகவே அது பொதுவாக நிலத்தைவிட ஒரு படி மேலேயே இருக்கட்டும். மேகத்தின் விரிசல் வழியாக வெயில் வயலில் இறங்கும் அந்த நேரம் மட்டும் விதிவிலக்கு.

இப்படிச் சொல்வதால் திருத்துவதே குற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த நிலவுப் படம் உலகப் புகழ் பெற்றது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, மீட்டர் கைக்குச் சிக்கவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்துக் கணக்கிட்டு எடுத்தார். மிகப் பிரகாசமானதை முதலில் உறுதிசெய்துகொண்ட அந்த முறைதான் நாம் மேகத்துக்குச் செய்வதும். அதே நெகட்டிவை அவர் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். பிந்தைய அச்சுகளில் வானம் மேலும் மேலும் கறுத்துக்கொண்டே போனது.

நிறத்தில் நான் முதலில் கவனிப்பது ஒயிட் பேலன்ஸ். ஆட்டோவில் விட்டால் மேகம் மறைக்கும்போது ஒரு நிறம், விலகும்போது வேறு நிறம். அந்தியின் பொன்னிறத்தையும் அது குறையென்று நினைத்து அடக்கிவிடும். 5,500 கெல்வினில் நிறுத்திவிட்டு அங்கிருந்து தொடங்குவது நல்லது. அடுத்தது நிழல். வெயில் படாத இடங்களுக்கு ஒளி வருவது நீல வானத்திலிருந்து, அதனால் அங்கே எல்லாவற்றிலும் நீலம் ஏறியிருக்கும். இருட்டாக இருக்கும்போது அது தெரியாது. தூக்கியதும் தோப்பு முழுக்க நீலம் பாரித்த பச்சையாகத் தெரியும். நிலத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு வெம்மையைச் சிறிது கூட்டினால் இலை மறுபடி இலையாகும். மொத்தப் படத்துக்கும் கூட்டினால் வானம் அழுக்காகிவிடும்.

பச்சையைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. நாற்றின் பச்சையில் மஞ்சள் அதிகம், கதிர் பிடிக்கும் முன் பயிரின் பச்சை வேறு, வாழையின் பச்சை வேறு. இணையத்தில் கிடைக்கும் பிரிசெட்டுகள் பல, குளிர்நாட்டுக் காடுகளை மனத்தில் வைத்து எல்லாப் பச்சையையும் ஒரே மங்கிய பழுப்புப் பச்சையாக்கிவிடுகின்றன. அதை நாஞ்சில் நாட்டு வயலில் பூசினால் பயிர் நோய் கண்டதுபோல் இருக்கிறது. சாச்சுரேஷனுக்குப் பதில் வைப்ரன்ஸைத் தொடுங்கள். ஏற்கெனவே அடர்ந்த நிறங்களை அது அதிகம் சீண்டாது. வானத்தை அழுத்தமாக்க நீலத்தின் லுமினன்ஸைத் தாறுமாறாக இறக்கினால் புள்ளிகளும் பட்டைகளும் கிளம்பும், ஓலை விளிம்புகளில் கறை தெரியும். டீஹேஸையும் அடக்கி வையுங்கள். தூரத்து மலை நீலம் படர்ந்து மங்கியிருப்பதால்தான் அது தூரத்தில் இருப்பது தெரிகிறது. அதையும் உரித்துவிட்டால் மலை வரப்புக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஈரப்பதமும் தூசியும் சேர்ந்து வானமே வெளுத்துக் கிடக்கும் நாட்களில் இந்த வித்தைகள் எதுவும் பலிக்காது. அன்றைக்கு வானத்தைச் சட்டகத்தின் மேலே ஒரு விரல்கடை அளவுக்குக் குறையுங்கள், அல்லது முழுதாக விட்டுவிடுங்கள். வேறு ஊர் வானத்தை வெட்டி ஒட்டும் பித்தான் இப்போது பல மென்பொருள்களிலும் வந்துவிட்டது. நான் அதைத் தொடுவதில்லை. மேகத்தின் வெளிச்சம் ஒரு திசையிலும் வயலின் நிழல் இன்னொரு திசையிலும் விழுவதை மறைக்க முடியாது. அதோடு, நான் நின்ற இடத்தில் அந்த நேரத்தில் இருந்த வானம் அது இல்லை.

போன் வைத்திருப்பவர்களுக்குப் பாதி வேலையைப் போனே செய்துவிடுகிறது. 2013இல் நெக்சஸ் 5இல் வந்த கூகுளின் எச்.டி.ஆர். பிளஸ், வெளிச்சம் வெட்டுப்படாதபடி குறைவான அளவில் பல படங்களை மளமளவென்று எடுத்து ஒன்றாக்கியது. இன்றைய போன்கள் பலவும் இதே போன்ற வழியில்தான் போகின்றன. நீங்கள் செய்ய வேண்டியது, மேகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து அளவைப் பூட்டி, திரையில் வரும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுப்பது. போன் நிழல்களை அளவுக்கு மீறித் தூக்கியிருந்தால் எடிட்டரில் ஷேடோஸைக் கூட்டாமல் குறைத்துப் பாருங்கள். படத்துக்கு உடனே உடல் வரும்.

அச்சிடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். திரை காட்டும் வீச்சைக் காகிதம் தாங்காது, ஆறேழு ஸ்டாப்தான் அதன் எல்லை. 255ஐத் தொட்ட மேகத்தில் மை விழாது, அந்த இடம் வெறும் காகிதமாகவே நிற்கும். வெள்ளை ஓரம் விட்டு அச்சிட்டால் படத்தின் மேல் விளிம்பே காணாமல் போகும். மேகத்தின் உச்ச வெளிச்சத்தை 245 வாக்கில் நிறுத்தி, நடுத்தொனியை ஒரு நூல் ஏற்றி, முதலில் சின்ன அளவில் ஒரு மாதிரி அச்சு கேளுங்கள். அதைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய அளவுக்குக் கொடுங்கள்.